இப்தாவின் மகளுக்கு இரண்டு மாதம்

ஜெபமலர் பிறப்பதற்கு நான்கு மாதம் இருக்கும்போதே அவள் என்ன ஆக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் அவளுடைய அப்பா சவரியார். முடிவு செய்த இடம் மேட்டூர் அணைத் தண்ணீர்.

சவரியார் அப்போது மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிநேகிதர் குழந்தைவேலோடு பரிசல் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவார். அது ஆடி மாதம். பண்ணவாடிப் பக்கம் நடுத் தண்ணீரில் காற்று சுழற்றி அடித்துப் பரிசல் கவிழ்ந்தது. இருவருக்கும் நீச்சல் தெரியும். அந்தக் காற்றுக்கு முன்னால் அது ஒன்றுக்கும் உதவவில்லை. குழந்தைவேல் இரண்டு முறை மேலே வந்தார், மூன்றாம் முறை வரவில்லை. சவரியார் கவிழ்ந்த பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மிதந்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாதாவுக்கு வாக்குக் கொடுத்தார். உயிரோடு கரை சேர்த்துவிட்டால், மனைவி வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் சாமியாராகக் குருமடத்துக்கு, பெண்ணாக இருந்தால் கன்னியர் மடத்துக்கு. வாக்கு வாயை விட்டுப் போன மறு நிமிடம் காலில் ஏதோ தட்டுப்பட்டு, அதன்மேல் ஊன்றி நின்று பிழைத்தாராம். அணை கட்டியபோது முழுகிப்போன பழைய கோயிலின் கோபுரம்தான் அது என்று இன்றுவரை அடித்துச் சொல்வார்.

கார்த்திகையில் பிறந்தது பெண். ஊரெல்லாம் அவளை "மாதா புள்ள" என்றே கூப்பிட்டது. காது குத்தவில்லை. உறவுக்காரர் யாராவது விளையாட்டுக்கு "உனக்கு மாப்பிள்ளை பாக்கலாமா" என்று கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மூன்று வருடம் கழித்துத் தம்பி ஜெர்ரி பிறந்தான். பத்து வயதில் ஒருநாள் ஜெபமலர் அம்மாவிடம் ஜெர்ரியை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அன்னிக்கு வயித்துல இருந்தது நீதான கண்ணு" என்றாள்.

அவளை யாரும் அடித்து இழுத்துக்கொண்டு போய் மடத்தில் விடவில்லை. பிளஸ் டூ முடித்ததும் சேலத்துக்குப் பக்கத்தில் இருந்த மடத்துக்கு அவளே பெட்டி கட்டிக்கொண்டு போனாள். பேருந்தில் தனக்கென்று பிடித்து வைத்த இடத்தில் போய் உட்காருவது மாதிரிதான் இருந்தது. மடம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. காலையில் பாட்டு, தோட்டத்து வேலை, துணி துவைக்கும் இடத்தில் அக்சிலியாவின் பேச்சு. அக்சிலியா சேலத்துப் பெண். ஓயாமல் பேசுவாள், சிரிப்பு மூட்டிவிட்டுத் தான் மட்டும் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

கன்னியர் ஆவதற்குப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் இரண்டாம் வருடம் ஜெபமலருக்கு வலிப்பு வந்தது. முதலில் சாப்பாட்டு அறையில். பிறகு சிற்றாலயத்தில், எல்லோரும் முழங்காலில் இருந்தபோது. மூன்றாம் முறைக்குப் பின் தலைமைச் சகோதரி அவளைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்தபடியே இறைவனுக்கு ஊழியம் செய்யலாம் என்று அன்பாகத்தான் சொன்னார். கன்னியராக வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு ஐந்து மாதம் இருந்தது. அவளுக்கு இருபத்தொரு வயது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எட்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் தீர்ப்பைச் சொன்னார். மடம் திருப்பி அனுப்பினாலும் மாதா திருப்பி அனுப்பவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். இனி இந்த வீடுதான் அவளுக்கு மடம்.

அப்படித்தான் ஆயிற்று. சந்தன நிறமும் சாம்பல் நிறமுமாக ஆறு சேலைகள். காலையில் பூசை, மாலையில் செபமாலை. இடையில் பாலர் பள்ளியில் வேலை. மாத்திரை ஒத்துக்கொண்டு முப்பது வயதுக்குள் வலிப்பு நின்றேபோனது. அந்தச் சமயத்தில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், மனைவியை இழந்தவர், தன் அக்காளை அனுப்பிப் பெண் கேட்டார். பாலர் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது இரண்டொரு தடவை ஜெபமலரோடு பேசியிருக்கிறார். அதிகம் ஒன்றுமில்லை, வெயில், மழை, பிள்ளையின் சளி. சவரியார் அந்த அக்காளுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அவள் குடித்து முடித்ததும், "அது ஏற்கெனவே குடுத்த புள்ளைங்க" என்றார். ஜெபமலர் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பல வருடம் யோசித்தாள்.

பிறகு அம்மா இறந்தாள். ஜெர்ரி நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஷாலினியைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். ஐந்து வருடத்துக்கு முன்னால் சவரியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குழறலோடு மிஞ்சியது. ஜெபமலர் பள்ளிக்கூட வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் உலகம் நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் நாற்பது நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் அவர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலில் வந்து நிற்பார்கள். நாற்பது நிமிடத்தில் ரேஷன் கடை போகலாம், கூட்டம் இருந்தால் முடியாது. மருந்துக்கடை போகலாம். கோயிலுக்குப் போகலாம், முழுப் பூசை காண முடியாது. கடைசியில் நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்துக்குப் போய், வாங்கிக்கொண்டு ஓடி வருவாள். நாற்பத்து மூன்று வயதில் ஓடுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும்.

போன செப்டம்பரில் அவர்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. மாதம் ஒருமுறை கூடும் பெண்கள் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் விவிலியத்துப் பெண் ஒருத்தியின் பெயர் இருக்கும். அடுத்த கூட்டத்தில் அவளைப் பற்றி, அவள் வாழ்க்கை நமக்கு என்ன சொல்கிறது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அன்பியத் தலைவி தமிழினி டீச்சர் சீட்டு டப்பாவை வீடு வீடாகக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு ரூத்து, எஸ்தர், மார்த்தா, சமாரியப் பெண் என்று வந்தது. ஜெபமலர் எடுத்த சீட்டில் பெயரே இல்லை. 'இப்தாவின் மகள், நீதித் தலைவர்கள் 11' என்றுதான் இருந்தது. யார் என்று கேட்டாள். தமிழினி டீச்சருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேண்டுமானால் மாற்றி எடுத்துக்கொள் என்றார். ஜெபமலர், இருக்கட்டுமுங்க டீச்சர் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது படித்தாள். இப்தா படைத்தலைவன். போருக்குப் போகும்போது, ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து என்னை எதிர்கொண்டு வருவது எதுவோ அதைப் பலி கொடுப்பேன் என்று நேர்ந்துகொள்கிறான். ஜெயிக்கிறான். வாசலிலிருந்து ஆடிக்கொண்டு வருவது அவனுடைய ஒரே மகள். அவன் உடையைக் கிழித்துக்கொண்டு, ஐயோ மகளே, நீ என்னைத் துன்பத்தில் தள்ளிவிட்டாயே என்று அழுகிறான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறாள். இரண்டு மாதம் கொடுங்கள், தோழிகளோடு மலைக்குப் போய் என் கன்னிமையை எண்ணி அழுதுவிட்டு வருகிறேன். போகிறாள். இரண்டு மாதம் முடிந்ததும் திரும்பி வருகிறாள். அவன் நேர்ந்தபடி செய்கிறான்.

ஜெபமலர் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். அந்த மாதம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடுத்த கூட்டத்தை ஜெபமலர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அப்பாவை விட்டு அவளால் வர முடியாதே என்று தமிழினி டீச்சர் செய்த ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தைக்கு ஒரு நாற்காலி. சவரியார் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். ரூத்தைப் பற்றியும் எஸ்தரைப் பற்றியும் பேசிய பிறகு ஜெபமலர் எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துக் கதையைச் சொன்னாள். பிறகு தாளை மடித்துவிட்டாள்.

"பெத்த அப்பனே ஈசாக்கு மேல கத்திய ஓங்குனப்ப வானதூதர் வந்து தடுத்தாருங்க" என்றாள். "இந்தப் புள்ளைக்கு யாரும் வரலீங்க. வானத்துல இருந்தும் வரல, ஊருக்குள்ள இருந்தும் வரல. வாயை விட்டது அப்பன். நீ என்னைக் கெடுத்துட்டியேன்னு அவளத்தான் சொல்றாரு. அவ பேரு என்னன்னுகூட எழுதி வெக்கலீங்க. அவளாக் கேட்டது அந்த ரெண்டு மாசம் மட்டுந்தானுங்க. அழுவறதுக்குப் போனாள்னு போட்டிருக்குது. ரெண்டு மாசமும் அழுதுட்டேவா இருந்திருப்பா? சிநேகிதிப் புள்ளைகளோட மலையில இருக்கறப்ப ஒரு நாளாச்சும் சிரிச்சிருப்பால்லீங்க."

அதோடு உட்கார்ந்துவிட்டாள். பாயில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அவள் கதை தெரியும். ஒருவரும் நிமிரவில்லை. தெரியாதவர் பங்குத்தந்தை மட்டும்தான். அவர் நன்றாகப் பேசினீர்கள் என்று பாராட்டிவிட்டு, பாடம் சொல்லும் குரலில் ஒன்றைச் சேர்த்தார். நேர்ச்சை என்பது நேர்ந்தவரை மட்டுமே கட்டும். ஒருவர் இன்னொருவரை நேர்ந்துவிட முடியாது, பெற்ற தகப்பனாக இருந்தாலும் முடியாது, இது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். இப்தா ஒரு குருவிடம் போய்க் கேட்டிருந்தால் போதும், அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று முடித்துக் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். கட்டிலில் சவரியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதை ஜெபமலர் பார்த்தாள். இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். இடது கன்னம் முடிந்திருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்.

"அந்தச் சாமியார் சொன்னது எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்பத் தெரியுமுங்க?"

"நீ மடத்துல இருந்து வந்த வருசம். அப்ப இருந்த பெரிய சாமியாருகிட்டப் போய்க் கேட்டேன். புள்ளையக் கட்டாது, கல்யாணம் பண்ணிக் குடுன்னுட்டாரு."

ஜெபமலரின் கை நின்றது. கத்தி அவர் தாடையில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் என்று மனதுக்குள் ஓடியது. வேறெதுவும் ஓடவில்லை.

"ஏனுங்கப்பா சொல்லல?"

அவர் அழுதார். பக்கவாதம் வந்ததிலிருந்தே சீக்கிரம் அழுகிறவர்தான். ஆனால் இது வேறு அழுகை. "குழந்தைவேலு முழுகிப்போனான். நான் வந்துட்டேன். குடுத்த வாக்கத் திரும்ப வாங்கிட்டா, நான் எதுக்குப் பொழச்சு வந்தேன்னு ஆயிரும் சாமி" என்றார்.

அவள் வலது கன்னத்தையும் முடித்தாள். பாதிச் சவரத்தோடு ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லருகே நின்றாள். தன்னைப் பெண் கேட்டவர் நினைவுக்கு வந்தார். அவர் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார்; அன்று பாலர் பள்ளிக்கு வந்த அவர் மகள் இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப்போகிறாள். அந்த மனிதர் மேல் ஜெபமலருக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆனால் வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் வாய் தனக்கு இருந்திருக்கிறது, அதை அப்பா மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதுதான் பொறுக்கவில்லை. கத்த வேண்டும்போல இருந்தது. உள்ளேயிருந்து அவர் தண்ணீர் கேட்டார். போய்க் கொடுத்தாள்.

அன்று சாயந்திரம் ஜெர்ரிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லவில்லை. அப்பாவை இரண்டு மாதம் நீ வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் மாடிப்படி குறுகல் என்றான், பட்டறையில் வேலை அதிகம் என்றான், கடைசியில், "நீ இல்லாம அப்பா இருக்க மாட்டாருக்கா" என்றான்.

"இருந்து பாக்கட்டும்" என்றாள்.

பிறகு ஷாலினி போனை வாங்கி, கூட்டிக்கிட்டு வாங்கக்கா, ஆபீசில் லீவு சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

தோழி என்று போவதற்கு ஜெபமலருக்கு அக்சிலியா ஒருத்திதான் இருந்தாள். அக்சிலியாவும் எட்டு வருடத்தில் மடத்தை விட்டு வந்தவள். வேன் ஓட்டும் வேல்முருகனைக் கட்டிக்கொண்டு, ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் சின்னக் கடை வைத்திருந்தாள். டீ, தண்ணீர் பாட்டில், கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம், வாந்தி எடுக்கும் கவர். ஜெபமலர் ஒரு பையோடு வந்து இறங்கியபோது அவள் எதுவும் விசாரிக்கவில்லை. "வா, எலுமிச்சம்பழத்தைத் தொடச்சு அடுக்கு" என்றாள்.

முதல் பத்து நாள் சுதந்திரம் மாதிரியே இல்லை. விடியும் முன் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தாள். கடைத்தெருவுக்குப் போனால் நாற்பதாவது நிமிடம் நெருங்கும்போது கால் தானாக வேகம் பிடித்தது. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நேரங்களில் கை சும்மா இருக்க முடியாமல் முந்தானையைப் பிசைந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன், பூட்டு மட்டும் கூடவே வந்துவிட்டது என்று அக்சிலியாவிடம் சொன்னாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு வேல்முருகன் வேனில் மூவரும் ஏற்காடு போனார்கள். இத்தனை வருடம் அடிவார ஊர்களிலேயே கழித்தவள் அன்றுதான் முதல்முறை மலை ஏறினாள். பதினோராவது வளைவில் ஜெபமலருக்குக் குமட்டியது. நாளெல்லாம் எலுமிச்சம்பழம் விற்கிறவர்கள் தங்களுக்கு ஒன்றுகூட எடுத்து வரவில்லை. வேனை நிறுத்தி ஓரமாக வாந்தி எடுத்தாள். அக்சிலியா முதுகைத் தடவிக்கொண்டே, கன்னியர் மட வாசகம் வாசிக்கும் குரலில், "கடையில நாலு கூடை இருக்குது, சகோதரி" என்றாள். இருவரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் ஜெர்ரி கூப்பிட்டான். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, முதுகில் புண் வந்துவிட்டது, ஷாலினிக்கு லீவு முடிந்துவிட்டது, நாளைக்கே வா என்றான். ஜெபமலர் கடை வாசலில் நின்று கேட்டாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அக்சிலியா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னும் இருவத்திரண்டு நாள் இருக்குது ஜெர்ரி" என்றாள் ஜெபமலர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை, காற்றுப் படுக்கை வாடகைக்குக் கிடைக்கும், கஞ்சியில் மோர் ஊற்றினால் குடிப்பார், புண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் சொல்லும் மருந்தைப் போடு என்று நிதானமாகச் சொல்லி முடித்துப் போனை வைத்தாள். வைத்த பிறகு கை நடுங்கியது. பல வருடத்துக்கு முன் வலிப்பு வருவதற்கு முன்னால் இப்படித்தான் நடுங்கும். வரப்போகிறது என்று பயந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லாரிகள் போகும் சத்தம் கேட்டது. யாரோ இரண்டு டீ கேட்டார்கள். வலிப்பு வரவில்லை.

அந்த இருபத்திரண்டு நாளும் இனித்தன என்று சொல்ல முடியாது. புண் ஆறியதா என்ற நினைப்பு சாப்பாட்டில் கல் மாதிரி அவ்வப்போது கடிபட்டது. ஆனாலும் போகவில்லை. அறுபதாம் நாள் காலை பையை எடுத்தாள். இங்கேயே இருந்துவிடேன், கடைக்கு ஆள் வேண்டும், உன் அப்பாவை உன் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் அக்சிலியா. இப்தாவின் மகள் கதையை ஜெபமலர் அவளிடம் சொல்லியிருந்தாள். "அந்தக் கிறுக்குப் புள்ளையும் இப்படித்தான திரும்பிப் போனா" என்று கோபப்பட்டாள்.

"அவ வாக்குக்காகத் திரும்பிப் போனா" என்றாள் ஜெபமலர். "நான், அப்பன் கிடையில கெடக்கறாருன்னு போறேன். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

நாமக்கல்லில் ஜெர்ரி இளைத்திருந்தான். ஆனால் அப்பாவைப் புரட்டக் கற்றிருந்தான், புண் ஆறிக்கொண்டிருந்தது. அன்றே மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். பாலர் பள்ளியில் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை அப்பாவைப் பார்க்க ஓர் ஆள், அதற்கு ஜெர்ரி பொறுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் மேட்டூர் வந்து இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மாதம் அப்பா நாமக்கல்லில். கடைசி விஷயத்துக்கு ஜெர்ரி தயங்கினான். ஷாலினி சரி என்றாள்.

மேட்டூருக்குத் திரும்பிய வாரத்தில் ஒருநாள் காலை, அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சவரியார் கூப்பிட்டார். நாமக்கல்லில் இருந்து வந்ததிலிருந்து அவர் குறைவாகத்தான் பேசினார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னை மன்னிச்சுட்டியா சாமி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். இத்தனை வருடமும் அவள் சொன்னதெல்லாம் அவருக்கு நிம்மதி தருவதற்காகத்தானே.

"இன்னும் இல்லீங்கப்பா" என்றாள். "மன்னிச்சப்பச் சொல்றேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் அவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து, போர்வையைச் சரிசெய்தாள். பார்த்துக்கொள்ளும் பெண் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மணி ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிவிட்டு, ஒரு மணிக்கு வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஜெபமலர் தெருவில் இறங்கி நடந்தாள்.